பிரிண்டர் சரியாகிவிட்டது

அன்புள்ள அருள்,

இந்தக் காகிதம் உன் கைக்கு வந்துவிட்டது என்றால், நீ தூக்கிப்போடச் சொன்ன பிரிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். எழுத்தைப் பார். எங்கும் கோடு விழவில்லை, எங்கும் மங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டு வாரமாக நீ கூப்பிட்டுக் கேட்டபோதெல்லாம் "பிரிண்டர் ரிப்பேருப்பா" என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் வியாழக்கிழமை மதியத்திலிருந்து அது உண்மை இல்லை. இந்த வீட்டை விற்க எனக்குச் சம்மதம் என்று நீ அனுப்பிய கடிதத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடாததற்கு இனி இயந்திரத்தின் மேல் பழி போட முடியாது. போடவும் விருப்பமில்லை. நான் கையெழுத்துப் போடப் போவதில்லை, அருள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ வேகமாகப் பேசுவாய். நானும் "சரி, பாக்கலாம்" என்று முடித்துவிடுவேன். நான் அதிகம் பேசாதவள் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது எனக்கும் வசதியாக இருந்தது. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு என்பது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். நீயும் அவர்களில் ஒருவன் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தொன்பது வயது ஆகியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து படி. நிவேதாவிடமும் கொடு.

இந்தப் பிரிண்டர் வீட்டுக்கு வந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் அப்பா இறந்த பிறகு அவருடைய பொம்மை வேலையை நான் நிறுத்தினேன். அச்சுகளை விற்றேன், பெரிய சூளையைப் பிரித்தேன், சின்ன கரண்ட் சூளையை மட்டும் பின்கட்டில் வைத்துக்கொண்டேன். அதில் நான் சுட்ட முதல் பலகை அவருடைய கல்லறைக்கானது. வெள்ளைப் பீங்கான் ஓட்டில் கறுப்பு எழுத்து. யாரிடமும் காட்டவில்லை, எதிலும் எழுதிப் பார்க்கவில்லை, நேராகத் தூரிகையை எடுத்து எழுதிச் சூளையில் ஏற்றிவிட்டேன். முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது நீதான் அதை வாய்விட்டுப் படித்தாய். பிறந்த வருஷத்தில் பத்து வருஷம் தப்பு. மனிதரைப் பத்து வயது சின்னவராக்கி மண்ணில் வைத்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் அதை முந்தானையால் மறைக்கப் பார்த்தேன். பொம்மை வேலைக்கு வந்த நாளிலிருந்து, படித்தவள் என்று என்னை டீச்சராக்கிவிட்ட லூர்து அக்கா பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "வுடு டீச்சரு. பத்து வயசு கம்மின்னா அவரு வாணாம்னா சொல்லப் போறாரு?" அழுதுகொண்டே சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, உன் முதல் சம்பளத்தில், சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பெட்டியைக் கொண்டு வந்தாய். "இனிமே பேப்பர்ல அடிச்சிப் பாத்துட்டு அப்புறம் சுடும்மா" என்றாய். நீ எனக்குச் செய்த நல்ல காரியங்களில் அதுதான் பெரியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்றிலிருந்து என் தொழிலுக்கு ஒரு சட்டம் வந்தது. வீட்டுப் பெயர்ப்பலகையோ கல்லறைப் பலகையோ, முதலில் அதே அளவில் காகிதத்தில் அடித்துக் கொடுப்பேன். குடும்பத்தில் ஒருவர் அதை உரக்கப் படிக்க வேண்டும். மனதுக்குள் படித்தால் தப்பு தெரியாது. கண், தனக்குத் தெரிந்ததைத்தான் பார்க்கும். படித்து முடித்ததும் கீழே உள்ள கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கார்பன் வைத்து ஓட்டில் எழுத்தை இறக்கி, நிறம் தீட்டி, சூளையில் வைப்பேன். சுட்டு இறக்கிய எழுத்தை அழிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். அப்பாவின் அந்தத் தப்புப் பலகையை நான் உடைக்கவில்லை. சமையல் மேடையில் ரசப் பாத்திரம் வைக்கிறேனே, அதுதான். கவிழ்த்துப் போட்டிருப்பதால் நீ கவனித்திருக்க மாட்டாய்.

அக்டோபர் எனக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உனக்குத் தெரியும். கல்லறைத் திருநாளுக்குள் பலகை வேண்டும் என்று எல்லாரும் ஒரே சமயத்தில் வருவார்கள். மழையும் அப்போதுதான் வரும். அந்த நெரிசலில் உன் கடிதம் மெயிலில் வந்தது. இரண்டு பக்கம்தான், பிரிண்ட் எடுத்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வாங்குகிறவரிடம் காட்டிவிடலாம், திருநாளுக்கு வரும்போது மீதியைப் பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொள்ளலாம் என்றாய். "படிச்சிப் பாத்தியாம்மா?" என்று கேட்டாய். "பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் உரக்கப் படிக்கச் சொல்லுகிறவள், தன் மகன் அனுப்பியதைத் திறந்துகூடப் பார்க்காமல் பிரிண்ட் பொத்தானை அழுத்தினாள்.

முதல் பக்கம் பாதி வந்து நின்றுவிட்டது. உள்ளே முனகல். லூர்து அக்கா ஓட்டு விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "என்னா டீச்சரு, முக்குது, வர மாட்டேங்குது?" என்றாள். மேல் பாதியைப் பிடித்து இழுத்தேன், கிழிந்து வந்தது. கீழ்ப் பாதியை இடுக்கி விட்டு எடுக்க வேண்டியிருந்தது. காகிதக் கட்டு முழுக்க மழை ஈரம். இரண்டு மூன்று தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அதைப் பார்த்தவுடனே நாங்கள் செய்த காரியத்தை, பீங்கான் பொம்மை ஊரான நம் விருத்தாசலத்தைத் தவிர வேறு ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். பொம்மை அச்சில் களிமண் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? துணியில் முடிந்த டால்க் பவுடரை எடுத்து அச்சுக்குள் தட்டுவோம். மண் அலுங்காமல் கழன்று வரும். லூர்து அக்கா இருபத்தைந்து வருஷம் அதைச் செய்தவள். "ஒட்டுதுன்னா பவுடரு போட்டுப் பாரேன்" என்றாள். வேதியியலில் முதுகலை முடித்த நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அதுவும் சரிதான்" என்றேன். பவுடர் முடிச்சை நானே வாங்கி, உள்ளே சுழலுகிற ரப்பர் உருளை மேல் நாலு தட்டுத் தட்டினேன். அதற்குப் பிறகு பிரிண்டர் முனகவே இல்லை. உருளை அழகாகச் சுற்றியது. ஒரு தாளும் நகரவில்லை. தட்டு நிறையக் காகிதத்தை வைத்துக்கொண்டு, திரையில் "காகிதம் இல்லை" என்று காட்டியது.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாம்மா?"

"பண்ணேன்."

"ஒயர கழட்டி மாட்டினியா?"

"மாட்டினேன்."

"அப்போ அது செத்துப்போச்சு. தூக்கிப் போட்டுடு. புதுசு ஆர்டர் போட்டு வுடறேன்... இல்ல, வேணாம். அதான் இங்க வந்துடப் போறியே. அப்புறம் பிரிண்டரு எதுக்கு?"

அந்தக் கடைசிக் கேள்வியை நீ யோசித்துக் கேட்டிருக்க மாட்டாய். பின்னால் நிவேதாவின் குரல் கேட்டது. "அத்தைக்கு இஷ்டந்தானான்னு கேட்டீங்களா?" நீ போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் கேட்டாச்சு" என்றாய். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, அருள். நீ கேட்கவில்லை. சொன்னாய். இரண்டும் வேறு. உன் மனைவிக்குத் தெரிந்திருக்கிற வித்தியாசம் இது. அவளிடம் எதற்காவது "கேட்டாச்சு" என்று சொல்லும்போது, உண்மையில் யாரைக் கேட்டாய் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். உனக்கு நான் சொல்லக்கூடிய கல்யாண புத்திமதி இது ஒன்றுதான். கல்யாணத்தன்றே சொல்லியிருக்க வேண்டும். அன்றும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் கடைவீதியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். என் வயதுக்காரர். பிரிண்டரைத் திறக்கவில்லை, ஒரு விரலால் மூடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "எத்தினி வருசம் ஆவுது மேடம்?" மூன்று வருஷம் என்றேன். "அதாங்க. வயசாயிடுச்சு. இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வர்றதில்ல, புதுசா எடுத்துடுங்க." கழற்றிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "பாத்தாலே தெரியுங்க" என்றார். டீ குடித்துவிட்டுப் போனார். எனக்கு அந்த ஆள் மேல் வந்த கோபம் அளவுக்கு மீறியது என்று அப்போதே தெரிந்தது. ஏன் என்று புரியவில்லை.

ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அடித்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். அந்தக் கடைக்காரர் எதை அடித்தாலும் படிப்பார். "என்ன மேடம், வூட்ட குடுக்கறீங்களா?" என்று அவர் ஒரு தடவை கேட்டால், சாயங்காலத்துக்குள் கோயில் வாசல்வரை போய்விடும். உன் கடிதத்தை ஒதுக்கி வைத்தேன். பலகைகளுக்கு மட்டும் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அளவு கோடு போட்டு, பேனாவால், ஒவ்வொன்றாக. அப்படி எழுதிக் கொடுத்த ஒரு தாளால்தான் எனக்குக் கண் திறந்தது.

வேப்பூரிலிருந்து இரண்டு அண்ணன்களும் ஒரு தங்கையும் வந்தார்கள். நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர்கள். அவர்கள் அம்மாவுக்குப் பலகை. அம்மா பெயரிலேயே சண்டை ஆரம்பித்தது. பெரியவர், ரேஷன் கார்டில் உள்ள அந்தோணியம்மாள்தான் வேண்டும் என்றார். சின்னவர், "அந்தப் பேர சொன்னா அதுக்கே தெரியாதுண்ணே. சின்னப்பொண்ணுன்னு போடு, அப்பதான் திரும்பியாவது பாக்கும்" என்றார். கடைசியில் இரண்டு பெயரையும் போட்டு எழுதினேன். கீழே, இதை வைத்தவர்கள் என்று பெரியவர் சொன்ன பெயர்களையும் எழுதிக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னேன். தங்கைக்குத்தான் கண்ணாடி தேவைப்படவில்லை, அவள் படித்தாள். அம்மா பெயர், தேதி, அண்ணன் பெயர், இன்னொரு அண்ணன் பெயர். அதோடு முடிந்தது. அவள் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் எங்க?"

பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எடம் பத்தாதும்மா. சின்ன ஓடு" என்றார்.

"மூணு வருசம் பீ மூத்திரம் அள்ளனப்ப எடம் பத்திச்சா?"

சின்னவர் தலையைச் சொறிந்தார். நான் பொதுவாக வாடிக்கையாளர் குடும்ப விஷயத்தில் தலையிடுவதில்லை. அன்று "இடம் இருக்கிறது" என்றேன். எழுத்தை ஒரு நூல் அளவு சின்னதாக்கினால் போதும். "அப்ப போடுங்க, போடுங்க, நானா வேணாங்கறேன்?" என்று பெரியவர் இறங்கி வந்தார். தங்கை கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

அவர்கள் போன பிறகும் அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கம்மாபுரத்தில் என் அப்பாவுக்கு நிலம் இருந்தது உனக்குத் தெரியும். உன் மாமாவுக்குத்தான் அது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். எனக்கும் பங்கு இருந்தது. அப்பா இறந்த வருஷம் உன் மாமா என்னைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனான். நீ என் இடுப்பில் இருந்தாய், வெயிலில் அழுதுகொண்டிருந்தாய். "ஒரு கையெழுத்துதான்க்கா, சும்மா ஃபார்மாலிட்டி" என்றான். பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மூன்று தடவை படித்துவிட்டு மூடியைத் திறக்கப் பழகினவள் நான். அன்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை. உன் அழுகையை நிறுத்த வேண்டும், தம்பியிடம் சந்தேகப்படுகிறவளாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. வெளியே வந்ததும் உன் அப்பா "படிச்சியா?" என்று மட்டும் கேட்டார். "என் தம்பிதானே" என்றேன். பல வருஷம் கழித்து நகலை எடுத்துப் படித்தேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் மனப்பூர்வமாக என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. அந்த மனப்பூர்வம் என்னுடையது இல்லை. யாரோ எழுதி வைத்தது, நான் கீழே பெயரைப் போட்டேன். உன் மாமா மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அவன் கேட்டான், நான் கொடுத்தேன். கோபம் படிக்காமல் போட்டவள் மேல்தான்.

வியாழக்கிழமை காலையில் மேசை டிராயரைத் திறந்து, பிரிண்டரிலிருந்து இழுத்து எடுத்த உன் கடிதத்தின் துண்டுகளை வெளியே எடுத்தேன். கசங்கியதை நீவி, மேசைமேல் சேர்த்து வைத்து, முதல் தடவையாகப் படித்தேன். கிழிந்த இடத்துக்கு நேர் கீழே இருந்த வரி இது: "வயது மூப்பின் காரணமாகவும் உடல்நலக் குறைவின் காரணமாகவும் தனியே வசிக்க இயலாத நிலையில் உள்ள நான், மேற்படி வீட்டையும் அதில் இயங்காத நிலையில் உள்ள தொழிற்கூடத்தையும்..." அப்போது என் முதுகுக்குப் பின்னால் சூளை சூடாக இருந்தது. உள்ளே பதினொரு பலகைகள் இருந்தன. அவற்றை அடுக்கினது நான். தலைவலி மாத்திரைகூட இந்த வருஷம் போட்டதாக ஞாபகம் இல்லை.

உன் வக்கீல் நண்பர் எழுதிக் கொடுத்தது, எல்லாருக்கும் இதே வாசகம்தான் என்று நீ சொல்வாய். இருக்கலாம். நீ அதைப் படித்துவிட்டு அனுப்பினாயா, படிக்காமல் அனுப்பினாயா? இரண்டில் எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை. என் பங்குக்கு நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காகிதம் ஈரமாக இல்லாமல் இருந்திருந்தால், இரண்டு பக்கமும் சுத்தமாக வந்து விழுந்திருந்தால், நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பியிருப்பேன். உன் மாமாவுக்குப் போட்ட மாதிரியே. மகன்தானே என்று. லூர்து அக்கா இதைக் கேட்டுவிட்டு, "மாதா காப்பாத்திச்சு உன்ன" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். மாதாவுக்கு வேறு வேலை இருக்கும், இது மழை செய்தது என்றேன். "மழ யாருது?" என்று கேட்டாள். அவளோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் பிரிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய ரப்பர் உருளை வெள்ளையாக இருந்தது. டால்க் என்பது ஏடு ஏடாக ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகிற கல். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மண் அச்சை விட்டுக் கழல வேண்டும் என்பதற்காகப் போடுகிற பவுடரை, பிடித்து இழுக்க வேண்டிய உருளைக்குப் போட்டுவிட்டு, இரண்டு வாரம் இயந்திரத்தைத் திட்டியிருக்கிறேன். ஈரத் துணியால் துடைத்தேன். பள்ளங்களில் இருந்ததைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். ஓட்டு விளிம்பு தேய்க்கும் உப்புத்தாளில் மிக நைசானதை எடுத்து உருளையை லேசாகச் சொரசொரப்பாக்கினேன். வெயில் காட்டிய கட்டிலிருந்து புதுத் தாள்களை விசிறிப் பிரித்து வைத்தேன். பொத்தானை அழுத்தியதும் ஒரு தாள், ஒரே ஒரு தாள், சரக்கென்று உள்ளே போயிற்று. முதலில் வெளியே வந்தது வேப்பூர் அம்மாவின் பலகை, மகளின் பெயரோடு. லூர்து அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "அச்சு வேற, இது வேறயாட்டம் இருக்குது" என்றாள். அவ்வளவுதான் விஷயம், அருள். அரை மணி நேர வேலை. செத்துப்போகவும் இல்லை, வயசாகவும் இல்லை. யாராவது திறந்து பார்த்திருக்க வேண்டும்.

அடுத்ததாக உன் கடிதத்தை அடித்தேன். இரண்டு பக்கமும் கிழியாமல் வந்தன. என் சட்டம் எனக்கும் பொருந்தும் என்பதால் லூர்து அக்காவை உட்கார வைத்து உரக்கப் படித்தேன். "வயது மூப்பின் காரணமாக" என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"யாருக்கு டீச்சரு வயசாயிடுச்சு?"

"எனக்குத்தான்."

"ஒனக்கா? அப்ப நான் செத்துட்டனா?"

அவளுக்கு அறுபத்திரண்டு. காலையில் நம் பக்கத்து மங்களூரிலிருந்து பஸ் மாறி வந்து, நாற்பது ஓட்டைத் தேய்த்துவிட்டு, திரும்பிப் போகிறவள். "இயங்காத நிலையில் உள்ள தொழிற்கூடம்" என்று படித்தபோது அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, "தம்பியா எழுதிச்சு இத?" என்று கேட்டாள். நீ சின்ன வயதில் அவள் பிசைந்த களிமண்ணில் யானை செய்து விளையாடியவன். அவள் கேட்டதற்குப் பதிலை நீ வந்து சொல்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்த வீட்டில் உனக்குப் பாதி உண்டு. அதை நான் மறுக்கவில்லை, மறைக்கவும் மாட்டேன். அதைப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் சொல், முன்பக்கம் உன்னுடையது, பின்கட்டும் சூளையும் என்னுடையது என்று எழுதிக்கொள்வோம். உன் பக்கத்தை வாடகைக்கு விடு, விற்கவும் செய். அதை நான் தடுக்க மாட்டேன். குழந்தை வரப் போகிறது, சென்னையில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது நியாயமான ஆசை. அந்த வீட்டுக் கடனுக்கு நான் ஜாமீன் போட வேண்டும் என்றால் அந்தக் காகிதத்தை அனுப்பு. உரக்கப் படித்துவிட்டுப் போடுகிறேன். ஆனால் எனக்கு முடியவில்லை என்று எழுதிய காகிதத்தில் என் கையெழுத்து விழாது. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்வதற்கு முதலில் பார்க்க வேண்டும். நீ கடைசியாகப் பின்கட்டுக்குள் வந்து எத்தனை நாள் ஆகிறது என்று யோசி.

நிவேதாவின் பிரசவத்துக்கு வருவேன். இரண்டு மாதம் இருப்பேன். அதுவரை லூர்து அக்கா சூளையைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குழந்தையைக் குளிப்பாட்டுவேன், உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைப்பேன். வரும்போதே திரும்புகிற டிக்கெட்டோடுதான் வருவேன். அதைப் பார்த்து முகம் சுளிக்காதே. என்றைக்காவது எனக்கு உண்மையிலேயே முடியாமல் போகும். அன்று நானே சொல்கிறேன். என் வாயால், என் வாசகத்தில். அதுவரைக்கும் என் சார்பில் யாரும் முன்கூட்டி எழுதி வைக்க வேண்டாம்.

இந்தக் கவரில் இன்னொரு தாள் இருக்கிறது. உன் கடிதம் அல்ல. அதன் தாள்களை லூர்து அக்கா தூரிகை துடைக்க எடுத்துக்கொண்டாள். இது ஒரு சரிபார்ப்புத் தாள். நம் வாசலில் அப்பாவின் பெயர்ப்பலகை இருக்கிறதல்லவா, அது அங்கேயே இருக்கும். அதற்குக் கீழே இன்னொன்று வைக்கப் போகிறேன். முதல் வரியில் என் பெயர், பட்டத்தோடு. கல்யாணத்துக்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் அந்தப் பட்டத்தை நான் போட்டதில்லை. இரண்டாவது வரியில் பீங்கான் பெயர்ப்பலகைகள் என்று இருக்கும். மூன்றாவது வரியில் லூர்து அக்காவின் பெயர். இடம் பத்தியது. தேதி எதுவும் இல்லாததால் வருஷம் தப்பாகப் போக வழியில்லை. இருந்தாலும் சட்டம் சட்டம்தான். நிவேதாவை உட்கார வைத்து உரக்கப் படி. எழுத்துப் பிழை இருந்தால் வட்டம் போடு. பிழை இல்லையென்றால் கீழே உள்ள கட்டத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

போடாவிட்டாலும் சனிக்கிழமை பலகை சூளை ஏறும்.

அம்மா